உயர் புரதம் என்று சொன்னால், எத்தனை கிராம் என்பதையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலை உறையவைத்துச் செய்யும், சிறு கட்டிகளாக ஈரத்தோடு இருக்கும் காட்டேஜ் சீஸையும் பழத்துண்டுகளையும் சேர்த்து ஐந்து நிமிடத்தில் உயர் புரதக் காலை உணவு தயாரிப்பது எப்படி என்று தங்கள் நாளிதழின் உணவுப் பக்கத்தில் அண்மையில் வெளியான குறிப்பைப் படித்தேன். அடுப்பு மூட்ட வேண்டாத, கழுவப் பாத்திரம் அதிகம் சேராத, காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு உண்மையிலேயே கைகொடுக்கும் ஓர் உணவை வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியதற்காக முதலில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன். நெடுங்காலம் உணவு ஆலோசகராகப் பணியாற்றியவள் என்ற முறையில் இந்தக் கிண்ணத்தை நானும் பலருக்குப் பரிந்துரைத்திருக்கிறேன், இன்றும் பரிந்துரைப்பேன். ஆனால் அக்குறிப்பு எழுதப்பட்ட விதம் எனக்குக் கவலை அளிக்கிறது. தலைப்பிலேயே ‘உயர் புரதம்’ என்று அறிவித்துவிட்டு, எவ்வளவு புரதம் கிடைக்கும் என்பதையோ, அதைப் பெற எத்தனை கிராம் சீஸ் போட வேண்டும் என்பதையோ ஓரிடத்திலும் சொல்லாமல் விடுவது, எழுத்தை நம்பிச் செய்து சாப்பிடுகிறவருக்கு நாம் செய்யும் நியாயம் ஆகாது.

‘அரைக் கப் காட்டேஜ் சீஸ், ஒரு கைப்பிடி பழம், சுவைக்கேற்பத் தேன்’ என்று மட்டுமே அதில் அளவு தரப்பட்டிருந்தது. இதைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காட்டேஜ் சீஸில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். கொழுப்பு நீக்கியதோ நீக்காததோ, 100 கிராமில் பெரும்பாலும் 11 அல்லது 12 கிராம் புரதமே இருக்கும். அரைக் கப் என்பது சுமார் 110 கிராம். ஆக அதிலிருந்து கிடைப்பது 12 அல்லது 13 கிராம். பழத்தில் புரதம் மிகக் குறைவு. ஒரு கைப்பிடி பெர்ரியில் ஒரு கிராம்கூடத் தேறாது. தேனில் இல்லை என்றே சொல்லிவிடலாம். இந்த 13 கிராம் வேண்டாத அளவு என்று நான் சொல்லவில்லை. இரண்டு முட்டைகளில் கிடைப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் அதை உயர் புரதம் என்று பெரிய எழுத்தில் போடும்போது, பயிற்சி செய்து தசையை வளர்க்க நினைக்கும் இளைஞரும், உடல் மெலிந்து வருவதால் புரதத்தைக் கூட்டும்படி மருத்துவர் சொல்லி அனுப்பிய முதியவரும், தமக்குத் தேவையானது கிடைத்துவிட்டது என்ற நிறைவோடு எழுந்து போவார்கள்.

கப் என்ற அளவிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. 200 மில்லி கொள்ளும் கப்பும் உண்டு, 250 மில்லி கொள்ளும் கப்பும் உண்டு. கட்டிகளை அழுத்தி நிரப்புகிறவரும் உண்டு, மேலோட்டமாக அள்ளிப் போடுகிறவரும் உண்டு. கட்டிகளுக்கு இடையில் நீர்த்த பாலேடு தேங்கி நிற்கும் வகையில் ஒரு கப் அள்ளினால் கரண்டிக்கு வருவதில் பாதி திரவமாகவும் இருக்கலாம். சமையலறையில் ஒரு சிறிய எடைக்கருவி இருப்பவர் கிண்ணத்தை அதன் மேல் வைத்து, முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, 200 கிராம் வரும்வரை சீஸைப் போட அரை நிமிடம் போதும். எடைக்கருவி இல்லாதவர், புட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் மொத்த எடையைப் பார்த்து, அதில் பாதி, மூன்றில் ஒரு பங்கு என்று பிரித்துக்கொள்ளலாம். இரண்டு வழிகளுமே ‘ஒரு கப்’ என்பதைவிட நம்பத்தகுந்தவை.

எடை தெரிந்தபின் மற்றவை எளிது. காட்டேஜ் சீஸ் 200 கிராம் எடுத்தால் 22 முதல் 24 கிராம் புரதம் உறுதி. அதன்மேல் ஒன்றரை மேசைக்கரண்டி அளவு, அதாவது ஏறக்குறைய 15 கிராம், தோல் நீக்கிய பூசணி விதையைத் தூவினால் நான்கு கிராமுக்குச் சற்று மேல் சேரும். எட்டுப் பாதாம் பருப்புகளை நறுக்கிப் போட்டால் இன்னும் இரண்டு கிராம். இத்துடன் 120 கிராம் பழம் சேர்த்தால் கிண்ணத்தில் மொத்தம் ஏறத்தாழ 30 கிராம் புரதமும், கொழுப்புக் குறைத்த சீஸாக இருந்தால் 370 கலோரிக்கு அருகிலும் வந்து நிற்கும். உயர் புரதம் என்ற பெயருக்கு இந்தக் கிண்ணம் தகுதியுடையது. முன்னதற்கும் இதற்கும் செய்முறையில் வேறுபாடு ஏதுமில்லை; அளவிலும், மேலே தூவும் விதை பருப்புகளிலும் மட்டுமே வேறுபாடு.

எவ்வளவு புரதம் போதும் என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதிகம் அதிகம் என்று ஓடுவதும் இன்று வழக்கமாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகள் 2007-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நலமாக உள்ள வயது வந்த ஒருவருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் தரமான புரதம் போதுமானது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது சுமார் 50 கிராம். முதியோருக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை தேவைப்படலாம் என்று முதுமை சார்ந்த ஊட்டச்சத்து வல்லுநர்கள் பலர் கருதுகிறார்கள். வயது ஏற ஏறத் தசை புரதத்துக்கு முன்போல் எளிதில் இசைவதில்லை. எனவே முழுவதையும் இரவு உணவில் குவிக்காமல், ஒரு வேளைக்கு 25, 30 கிராம் என்று பிரித்து உண்பது நல்லது என்பது அவர்களின் வாதம். காலை உணவில் மாவுச்சத்தே மிகுந்து புரதம் குறைந்துவிடும் வீடுகளில் இந்தக் கிண்ணத்தின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. மெல்ல முடியாத பற்களுக்கும் இது ஏற்றது. அதே சமயம், 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளின் தேவையில் ஐந்தில் மூன்று பங்கு இந்த ஒரே கிண்ணத்தில் கிடைத்துவிடும்போது, அதன்மேல் புரதப் பொடியையும் ஒரு கரண்டி கொட்டச் சொல்லும் குறிப்புகளுக்குப் பெரும்பாலோரைப் பொறுத்தவரை தேவையே இல்லை.

காட்டேஜ் சீஸ் எப்படி உண்டாகிறது என்பதை இரண்டு வரிகளில் சொல்லியிருந்தால் வாசகருக்குப் பல கேள்விகள் தாமாகவே தெளிந்திருக்கும். கொழுப்பு நீக்கிய பாலில் லாக்டிக் அமில நுண்ணுயிர்களைச் சேர்த்து, சில வேளை ரென்னெட் என்ற, பாலைத் திரட்டும் நொதியும் சேர்த்து உறையவைத்து, உறைந்ததைச் சிறு கனசதுரங்களாக வெட்டி, மெல்லச் சூடேற்றி, பிரியும் தெளிநீரை வடித்து, கட்டிகளைக் கழுவி, கடைசியில் உப்பும் பாலேடும் கலந்தால் காட்டேஜ் சீஸ். அழுத்தி இறுக்காததால்தான் அது உதிரி உதிரியாக, ஈரமாக இருக்கிறது. பால் புரதத்தில் ஏறத்தாழ 80 சதவீதமாக இருக்கும் கேசின்தான் இதில் பெரும்பகுதி. கேசின் மெல்லச் செரிக்கும் இயல்புடையது. நம் உடலால் செய்துகொள்ள முடியாத ஒன்பது அமினோ அமிலங்களும் இதில் உள்ளன. ஆனால் பாலில் உள்ள அளவுக்குக் கால்சியம் இதிலும் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். பால் புளிக்கும்போது கேசினோடு ஒட்டியிருக்கும் கால்சியம் கரைந்து தெளிநீரோடு வெளியேறிவிடுகிறது. அதனால் 200 கிராம் காட்டேஜ் சீஸில் உள்ள கால்சியம் ஒரு டம்ளர் பாலில் உள்ளதைவிடக் குறைவு. எலும்பு தேய்மானத்துக்காகப் பாலை விட்டு இதற்கு மாறுகிறவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய செய்தி இது.

கட்டிகட்டியாக நாவில் உருளுவது பிடிக்காமலே பலர் இதை ஒதுக்குகிறார்கள். அவர்களுக்கு ஒரு வழி உண்டு. மிக்ஸியின் சிறிய ஜாடியில் போட்டு ஒரு நிமிடத்துக்குக் குறையாமல், இடையில் ஒரு முறை ஓரங்களை வழித்துவிட்டு அடித்தால், கட்டி முழுவதும் மறைந்து கெட்டித் தயிர்போல வழவழப்பாகிவிடும். புரதம் எள்ளளவும் குறையாது. அடித்ததும் சிறிது இளகித் தெரிந்தாலும், மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மீண்டும் இறுகும்.

இனி பழத்துக்கு வருகிறேன். அக்குறிப்பு மிகவும் மேலோட்டமாகக் கடந்து போனது இந்த இடத்தைத்தான். ‘கையிலுள்ள எந்தப் பழத்தையும் முந்தைய இரவே கலந்து வைத்துவிடலாம்’ என்று அதில் எழுதப்பட்டிருந்தது. இதைப் பின்பற்றி அன்னாசியையோ கிவியையோ கலந்து வைத்தவர் மறுநாள் காலையில் என்ன காண்பார்? கட்டிகளின் விளிம்பு கரைந்து, கிண்ணத்தின் அடியில் மங்கலான நீர் தேங்கி நிற்கும். ஒரு கரண்டி வாயில் வைத்தால் முதலில் இனிப்பும், பின்பு அடிநாக்கில் இறங்கும் கசப்பும் தெரியும். சீஸ் கெட்டுவிட்டது என்று நினைத்து அவர் அதைக் கொட்டிவிடுவார். அல்லது இந்த உணவே தமக்கு ஒத்துவராது என்று விட்டுவிடுவார்.

உண்மையில் சீஸ் கெடவில்லை. சமைக்காத அன்னாசியில் புரோமலைன், பப்பாளியில் பப்பைன், கிவியில் ஆக்டினிடின், அத்தியில் ஃபைசின் என்று புரதத்தை வெட்டும் நொதிகள் இருக்கின்றன. இறைச்சியை மிருதுவாக்கப் பப்பாளிக்காயைப் பயன்படுத்துவது இந்த வேலைக்காகத்தான். இவை கேசினின் நீண்ட சங்கிலிகளைச் சிறு துண்டுகளாக அறுக்கின்றன. அத்துண்டுகளில் சில நாக்குக்குக் கசக்கும். உடம்புக்கு இதனால் கேடு ஒன்றும் இல்லை. சுவையும் பதமும்தான் பாழாகின்றன. அதற்கும் நேரம் வேண்டும். எனவே இந்த நான்கு பழங்களையும் உண்ணும் நேரத்தில் மேலே போட்டுக்கொண்டால் எந்தத் தொல்லையும் இல்லை. முன்கூட்டியே கலந்துதான் ஆகவேண்டும் என்றால், பழத்தைச் சில நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட வேண்டும். வெப்பத்தில் நொதி செயலிழந்துவிடும். டப்பாவில் அடைத்து வரும் அன்னாசி சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டதாகையால் அதுவும் கசக்காது, ஆனால் சர்க்கரைப் பாகில் ஊறியதை வாங்காமல் சாற்றில் ஊறியதை வாங்கி வடித்துப் போட வேண்டும். உறையவைத்த துண்டுகளை நம்ப வேண்டாம். குளிர் நொதியை அடக்கி வைக்குமே தவிர அழிக்காது, உருகியதும் அது மறுபடி வேலையைத் தொடங்கிவிடும்.

இந்த நொதிகள் இல்லாத பழங்களிலும் ஒரு சிறு கவனம் தேவை. சீஸில் உப்பு இருக்கிறது. வெட்டிய பழத்தின் மேல் உப்புப் பட்டால் அதிலிருந்து சாறு கசியும். முலாம்பழம், ஆரஞ்சுச் சுளை, ஸ்ட்ராபெர்ரி ஆகியவற்றில் இதைப் பத்து நிமிடத்திலேயே கண்ணால் பார்க்கலாம். ஆகவே கலக்காமல், சீஸை அடியில் பரப்பி, பழத்தை அதன்மேல் வைத்து, விதைகளையும் பருப்புகளையும் கடைசியில் தூவி உண்பதே சிறந்தது. விதை நமுத்துப் போகாமல் கடிக்கக் கிடைக்கும். இரவே ஆயத்தம் செய்ய விரும்புகிறவர் சீஸை ஒரு மூடிய ஜாடியிலும், பழத்தை இன்னொன்றிலும், விதையை வெளியே உலர்வாகவும் வைத்துக்கொள்ளட்டும். ஆப்பிளும் வாழைப்பழமும் கறுக்கும். வெட்டியதும் சில துளி எலுமிச்சைச் சாறு தடவினால் அது தாமதப்படும். காட்டேஜ் சீஸில் நார்ச்சத்து அறவே இல்லை என்பதால் ஆப்பிளையும் பேரிக்காயையும் தோலோடு நறுக்குவது நல்லது. ஆளிவிதை சேர்ப்பதாக இருந்தால் பொடித்துச் சேர்க்க வேண்டும், முழுதாகப் போட்டால் பெரும்பாலும் செரிக்காமலே வெளியேறிவிடும். சியா விதையை ஊறவைத்தே சேர்க்க வேண்டும்.

தேன் விஷயத்தில் என் கருத்து சற்றுக் கண்டிப்பானது. ஒரு மேசைக்கரண்டி தேனில் சுமார் 17 கிராம் சர்க்கரை இருக்கிறது. உணவில் சேர்க்கப்படும் சர்க்கரை, தேன், பழச்சாறு ஆகியவற்றிலிருந்து வரும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் மேலும் நன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவுறுத்தியது. இந்த 5 சதவீதம் என்பது 2,000 கலோரி உண்பவருக்கு நாள் முழுவதற்கும் 25 கிராம். ‘சுவைக்கேற்ப’ என்று எழுதினால் இரண்டு கரண்டி ஊற்றுகிறவர் காலையிலேயே அந்த எல்லையைக் கடந்துவிடுகிறார். முழுப் பழத்தில் உள்ள இயற்கைச் சர்க்கரை இந்தக் கணக்கில் வராது. நன்கு கனிந்த பழத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு சிட்டிகை இலவங்கப்பட்டைத் தூளோ, சிறிது எலுமிச்சைத் தோல் துருவலோ சேர்த்தால் தேன் இல்லாத குறை தெரியாது. சர்க்கரை சேர்த்து வறுத்த தானியக் கலவையைக் கிண்ணத்தின் பாதி அளவுக்குக் கொட்டுவதும் இதைப் போன்றதே. அது மேலே தூவுவதற்கு மட்டும் உரியது. பழச்சுவை ஏற்றி விற்கப்படும் காட்டேஜ் சீஸ் வகைகளில் சர்க்கரை ஏற்கெனவே கலந்திருப்பதும் உண்டு என்பதால், உட்பொருள் பட்டியலைப் படித்துவிட்டு வாங்க வேண்டும்.

இனிப்பைப் பற்றியாவது மக்கள் யோசிக்கிறார்கள். உப்பைப் பற்றி யோசிப்பதில்லை. பழத்தோடு உண்ணும்போது காட்டேஜ் சீஸின் உப்பு நாவில் தெரியாது என்பதே இதற்குக் காரணம். சாதாரண வகையில் 100 கிராமுக்கு 300 முதல் 400 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. நான் சொன்ன 200 கிராம் கிண்ணத்தில் அது 600 முதல் 800 மில்லிகிராம் ஆகிறது. நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குக் குறைவாக, அதாவது ஐந்து கிராம் உப்புக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையோடு ஒப்பிட்டால், ஒரே வேளையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முடிந்துவிடுகிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்புச் சேர்க்காத வகை கிடைத்தால் அதையே வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால், கட்டிகளைச் சல்லடையில் போட்டுக் குளிர்ந்த நீரில் அலசி வடித்தால் உப்பு கணிசமாகக் குறையும். பாலேடும் போய்விடும் என்பதால் வெறும் தயிர் ஒரு கரண்டி சேர்த்துப் பதப்படுத்திக்கொள்ளலாம். புரதத்தை மட்டும் புகழ்ந்து எழுதி உப்பைச் சொல்லாமல் விடுவது, இதய நோயாளி ஒருவர் அந்தப் பக்கத்தைப் படிக்கிறார் என்பதை நினைத்துப் பார்க்காததால் நேர்வது.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாஸ்டரைஸ் செய்த, அதாவது சூடேற்றிக் கிருமி நீக்கிய பாலில் தயாரானதா என்று புட்டியில் பார்க்க வேண்டும். பச்சைப் பாலில் செய்த மென்மையான சீஸ் வகைகளில் லிஸ்டீரியா என்ற கிருமி இருக்கக்கூடும், அது குளிர்பதனப் பெட்டியின் குளிரிலும் பெருகும், கர்ப்பிணிகளுக்கு அதனால் பெரும் ஆபத்து நேரலாம். திறந்த புட்டியை எப்போதும் குளிரில் வைத்து, உலர்ந்த சுத்தமான கரண்டியால் எடுத்து, ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். மேலே பூஞ்சை தென்பட்டால் அந்த இடத்தை மட்டும் வழித்துவிட்டு மிச்சத்தை உண்ணக் கூடாது. ஈரம் மிகுந்த சீஸ் என்பதால் முழுவதையும் எறிய வேண்டும். சைவ உணவினர் ரென்னெட் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் பார்த்துக்கொள்ளலாம், விலங்கிலிருந்து எடுத்ததும் உண்டு, நுண்ணுயிர் வழியாகப் பெற்றதும் உண்டு. பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது முற்றிலும் ஆகாது. பாலில் இயற்கையாக உள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காதவர்கள் நிலை வேறு. இதில் லாக்டோஸ் பாலைவிடக் குறைவு என்பதால் சிலருக்குச் சிறிதளவு ஒத்துக்கொள்ளும், லாக்டோஸ் நீக்கிய வகையும் கிடைக்கிறது.

காலை வேளை மாத்திரைக்கும் உரிய வேளை என்பதால் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். தைராய்டு குறைபாட்டுக்கான தைராக்சின் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் ஆகியவற்றைப் பால்பொருளோடு சேர்த்து விழுங்கினால், கால்சியம் குறுக்கிட்டு மருந்து உடலில் சரியாகச் சேராது. தைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே உண்ண வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் முறை. மற்ற மருந்துகளுக்கான இடைவெளியை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டுக்கொள்ள வேண்டும். மருந்தை ஒழுங்காக உண்டும் இரத்தப் பரிசோதனையில் முன்னேற்றம் காணாமல் கலங்கும் நோயாளிகளிடம், காலையில் மாத்திரையோடு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், விடை பல நேரங்களில் கிண்ணத்திலேயே இருக்கும். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்குப் புரதத்தின் அளவை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். அவர்கள் செய்தித்தாளைப் பார்த்துப் புரதத்தைக் கூட்டிக்கொள்ளக் கூடாது. சிறு குழந்தைகளுக்குத் தரும்போது திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டி, பருப்புகளைப் பொடித்துத் தர வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தரவே கூடாது.

தங்களிடம் நான் வேண்டுவது இவைதான். உணவுப் பக்கத்தில் வெளியாகும் ஒவ்வொரு குறிப்பிலும் முதன்மைப் பொருளின் அளவைக் கப்போடு கிராமிலும் தர வேண்டும். ‘உயர் புரதம்’ என்று தலைப்பிட்டால், ஒரு பங்கில் எத்தனை கிராம் புரதம், எவ்வளவு சோடியம், எவ்வளவு சேர்க்கைச் சர்க்கரை என்று ஒரே வரியில் அடியில் அச்சிட வேண்டும். இதற்கு ஒரு விளம்பரப் பெட்டியின் மூலையளவு இடம்கூட ஆகாது. குறிப்போடு வெளியாகும் படமும் குறிப்பில் உள்ள அளவுக்கே எடுக்கப்பட வேண்டும். அன்று வந்த படத்தில் பழமும் வறுத்த தானியமும் குவிந்து, தேன் நூலாக வழிந்து, சீஸ் ஓரத்தில் வெள்ளைக் கீற்றாக மட்டுமே தெரிந்தது. அளவுகளைப் படிக்க நேரமில்லாதவர் படத்தைப் பார்த்தே கிண்ணத்தை நிரப்புவார். வசதிப்பட்டால், முன்பு வெளியான குறிப்பைத் திருத்திய அளவுகளோடும், சமைக்காத அன்னாசி, கிவி, பப்பாளி, அத்தி ஆகியவற்றை முன்கூட்டிக் கலக்க வேண்டாம் என்ற ஒரு வரியோடும், மருந்து உண்பவர்களுக்கான இடைவெளி பற்றிய எச்சரிக்கையோடும் மீண்டும் ஒரு முறை வெளியிடும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நீண்டநாள் வாசகி